குன்னூர் இறக்கத்தில் பிரேக் பெடல் தரை வரை போனது, ஆறியதும் சரியானது: எதை மாற்றுவது?

தனிவண்டி

வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் வேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 5 கியர், 68,000 கி.மீ. ஓடியது. பின் சீட்டைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டிருக்கிறேன். 40 லிட்டர் தண்ணீர், சின்ன கேஸ் அடுப்பு, ஆள் ஒருவன்.

கூடலூர், ஊட்டி வழியாக வந்து நேற்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பர்லியாருக்குச் சற்று மேலே பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த வளைவில் தரை வரை போய்விட்டது. மூன்றாம் கியர். ஹேண்ட் பிரேக்கில் ஓரங்கட்டினேன். கருகல் வாடை. 40 நிமிடம் கழித்துப் பெடல் பழையபடி கெட்டி. பிரேக் ஆயில் அளவு குறையவில்லை, ஒழுகலும் இல்லை. பட்டறையில் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். அடுத்து ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, சாலக்குடி. மாஸ்டர் சிலிண்டரை மாற்றினால் போதுமா?

கொண்டைஊசி

அவசரப்பட்டு மாஸ்டர் சிலிண்டருக்குக் காசைக் கொட்டாதீங்க. முதலில் ஒரு சோதனை. வண்டி ஆறியிருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்க. கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் கணத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் அது பூஸ்டர் (இன்ஜின் ஓடும்போது மிதிக்குப் பலம் சேர்க்கும் பாகம்) வேலை செய்வது, கோளாறு இல்லை.

நீங்கள் சொல்வது ஆயில் கொதித்த கதை. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேடு (டிஸ்க்கை அழுத்தும் உரசுகட்டை), லைனிங் (டிரம்மில் உரசுவது) சூடேறிப் பிடிப்பு இழந்தது. பெடலே உள்ளே போனால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். உங்கள் மிதி முழுக்க அதற்கே செலவாகிறது. ஆறினால் குமிழி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் நல்லபிள்ளையாக மேலே வந்துவிடும். ஆபத்தே இங்கேதான்: சரியாகிவிட்டது என்று நம்பி அடுத்த மலைக்குப் போய்விடுவோம்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்தத் தர அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இது 230, 155.

இரண்டு கேள்வி: ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? நிறுத்தியபோது எந்தச் சக்கரம் அதிகச் சூடு?

தனிவண்டி

இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நான் மாற்றவில்லை. முன் இடது சக்கரம்தான் பக்கத்தில் போக முடியாத சூடு. அந்த டிஸ்க்கில் லேசாக நீலம் ஓடியிருக்கிறது. மைசூரு தாண்டியதிலிருந்தே ஸ்டியரிங் கொஞ்சம் இடதுபக்கம் இழுத்தது.

பட்டறைக்காரன்

அப்படியென்றால் விஷயம் இரண்டு. பழைய ஆயில் ஒன்று, இடது காலிப்பர் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) ஒட்டிக்கொண்டது இன்னொன்று. சமதரையிலேயே அந்தப் பேடு உரசிக்கொண்டே வந்திருக்கிறது; மலை இறங்குமுன்பே ஆயில் பாதி சூடு.

முன் இடது சக்கரத்தை ஜாக்கில் தூக்குங்க (மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஸ்டாண்டும் கொடுத்து). கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்டபின் கையால் சுற்றிப் பாருங்க. லேசான உரசல் இயல்பு. இறுக்கமாக இருந்தால் ப்ளீடர் நிப்பிளை (காலிப்பரில் ஆயிலை வெளியேவிடும் திருகு) திறங்க. ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது: ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைத்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை அடைப்பு. திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பரின் வழுக்குப் பின் (காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கம்பி) அல்லது பிஸ்டன் துரு.

வழுக்குப் பின் என்றால் கழற்றித் துருவைத் துடைத்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவினால் போதும். சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் பிரேக் ரப்பர் பக்கம் காட்டாதீங்க. பிஸ்டன் என்றால் ரிப்பேர் கிட். பேடு இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீலம் பூத்த டிஸ்க்கில் விரிசலோ, மிதிக்கும்போது பெடலில் துடிப்போ இருந்தால் டிஸ்க்கும் ஜோடியாக மாறும்.

பிறகு ஆயில். சீல் உடைக்காத டாட் 4, அரை லிட்டர் டப்பா இரண்டு. டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 தாராளமாகப் போடலாம். பெயரில் ஏமாந்து சிலிக்கான் டாட் 5 மட்டும் வாங்கிவிடாதீங்க. வண்டியின் பிரேக் ஆயில் தொட்டியிலுள்ள பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பி, தூரச் சக்கரத்திலிருந்து ஆரம்பிங்க: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி. ஒருவர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடிய பிறகே அவர் காலை எடுக்கணும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்க. பழைய சிலிண்டரில் தரை வரை மிதித்தால் பிஸ்டன் இதுவரை போகாத துருப்பகுதிக்குப் போய் ரப்பர் கிழியும். ஆயில் மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டர் போனது பல இடத்தில் இப்படித்தான். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவணும்.

இரண்டாம்கியர்

வண்டியைச் சரிசெய்தாலும் மூன்றாம் கியரில் அந்த இறக்கம் கூடாது. குன்னூர் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். 1,300 கிலோ வேன் 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் சக்தியில் பாதியை இன்ஜினும் காற்றும் டயரும் தின்றாலும், மீதி 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அத்தனையும் அந்தச் சின்ன டிஸ்க்கிலா ஏற வேண்டும்?

இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியர். பெடலில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வேகம் மணிக்கு 40 கி.மீ.-ஐத் தொட்டால் அழுத்தமாக இரண்டு மூன்று விநாடி மிதித்து 25-க்குக் கொண்டுவந்து முழுசாக விடுங்கள். விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். இன்ஜின் இரைவதற்குப் பயப்பட வேண்டாம். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிலரேட்டர் விட்டுக் கியரில் இறங்கும்போது பெட்ரோலே போகாது. நியூட்ரலில்தான் செலவு.

தனிவண்டி

ஒருவேளை மறுபடி பெடல் போனால்? சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றலாமா?

இரண்டாம்கியர்

ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணும், விரிசல் விடும். பெடல் போனால் படபடவெனப் பலமுறை மிதியுங்கள், ஒவ்வொன்றாகக் கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சாவியை அணைக்காதீர்கள், பூஸ்டர் போய்விடும். கடைசி வழி, பள்ளத்துப் பக்கம் இல்லாமல் மலைப்பக்கக் கரையில் உரசி நிறுத்துவது. நின்றதும் ரிவர்ஸ் கியர், சக்கரத்துக்குக் கல்.

தனிவண்டி

பார்த்தாயிற்று. பெடல் ஒரு நிமிடம் இறங்கவே இல்லை. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை. இடது காலிப்பரில் கீழ் வழுக்குப் பின் துருவேறி இறுகியிருந்தது. உள் பேடு 2 மி.மீ., வெளிப் பேடு 6. வந்த ஆயில் டிகாக்ஷன் நிறம்.

பட்டறைக்காரன்

அதேதான். புதுப் பேடு போட்டபின் காலிச் சாலையில் வேகம் 50-லிருந்து 10 வரை, முழுசாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்துமுறை பிடியுங்க. பிறகு பிரேக் அதிகம் போடாமல் 10 கி.மீ. ஓட்டி, இரண்டு முன் சக்கரத்தருகேயும் புறங்கையைக் காட்டிப் பாருங்க. சூடு சமமாக இருந்தால் ஆழியாறு ஏறலாம், 40 கொண்டை ஊசி வளைவு. மளுக்கப்பாறைக்கு அப்பால் காட்டு வழி இரவில் மூடிவிடும், காலையிலேயே சோதனைச்சாவடியைத் தாண்டுங்க. அந்த 40 லிட்டர் தண்ணீரை வால்பாறையிலேயே பாதியாக்கிக்குங்க.