பழம்பொருள் சேகரிப்பில் உங்கள் மனத்தை விட்டு இன்னும் நீங்காத ஓர் அனுபவம்

மங்குப் பிரியர், மதுரை

பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் அங்கே தேடிப் போவது மங்குச் சாமான்களை, அதாவது எனாமல் பூசிய இரும்புப் பாத்திரங்களை மட்டுமே. அவற்றிலும் அடியில் காக்கம்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு முத்திரை உள்ளவற்றை. ஒரு மாலையில் வெளிர்நீல அடுக்குக் கேரியர் ஒன்று, எந்த அடுக்கிலும் பூச்சு உதிராமல் கிடைத்தது. விலை பேசி முடித்து, கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, பித்தளைச் சாமான் விற்க வந்திருந்த ஓர் ஆச்சி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முத்திரைக்குப் பக்கத்தில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்த விலாசத்தை, அதாவது குடும்பத்தின் அடையாள எழுத்துகளை, வாய்விட்டுப் படித்தவர், “இது எங்க சின்னாத்தா கல்யாணத்துக்கு வச்ச சாமான், தம்பி” என்றார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நீட்டியதை அவர் வாங்கவில்லை. அந்த நேரத்தில்தான் தராசைக் கவனித்தேன். கிலோக் கணக்கில் எடை போடப்பட்டுக்கொண்டிருந்த அவருடைய பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில், புள்ளி புள்ளியாக அதே எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. அந்தத் தாம்பாளம் அன்றிரவே உருக்கப் போயிற்றா, வேறொருவர் வீட்டு அலமாரிக்குப் போயிற்றா என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

நீலவெள்ளை, கோயம்புத்தூர்

விலாசம் ஒரு வீட்டின் வரலாற்றைச் சொல்வது உண்மைதான். ஆனால், அடியில் இருக்கும் எழுத்தை அப்படியே நம்பும் பழக்கத்தைச் சீனப் பீங்கானுக்கும் கொண்டுவர வேண்டாம் என்று இங்கே எழுதும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். கொச்சியின் மட்டாஞ்சேரியில் யூதத் தெருவில் ஒரு முதிய கடைக்காரர் என் முன்னால் இரண்டு நீலவெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். ஒன்றில் ‘மகா சிங் வம்சத்துக் காங்ஷி ஆட்சியில் செய்தது’ என்ற ஆறெழுத்துச் சீன முத்திரை தெளிவாக இருந்தது. மற்றொன்றில் நீல நிற இரட்டை வட்டமும் அதற்குள் ஓர் இலையும் மட்டுமே இருந்தன. எது பழையது என்று கேட்டுவிட்டு, நான் விடை சொல்வதற்குள் என் விரலைப் பிடித்து இரண்டு தட்டுகளின் அடிவளையத்திலும் தேய்த்துக் காட்டினார். இலைத் தட்டின் வளையம் வழவழவென்று இருந்தது. எழுத்துத் தட்டில் மணல் நெருடியது.

காங்ஷி பேரரசரின் காலம் 1722 வரை நீடித்தது. 1677ஆம் ஆண்டில், பீங்கான் சூளைகளின் ஊரான ஜிங்தெஜென்னின் அதிகாரி, பேரரசரின் ஆட்சிப் பெயரைப் பாத்திரங்களில் எழுதக் கூடாது என்று தடை விதித்தார். பெயர் எழுதிய பாத்திரம் உடைந்து குப்பைக்குப் போனால் அது அவமதிப்பு என்பது காரணம். அதனால், உண்மையான காங்ஷி காலத்துத் தட்டுகள் பலவற்றில் வெற்று வட்டமோ, இலையோ, வேறு சின்னமோதான் இருக்கும். அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் கழித்து, குவாங்ஷு என்ற பேரரசரின் காலத்துக் கைவினைஞர்கள் முன்னோர்மீது கொண்ட மதிப்பாலும் சந்தையின் தேவையாலும் காங்ஷி பெயரைத் தாராளமாக எழுதினார்கள். பெரியவர் இவ்வளவையும் விளக்கிவிட்டு எழுத்துத் தட்டுக்கே குறைந்த விலை சொன்னார். அவர் பேசாமல் இருந்திருந்தால் அதிக விலை கொடுத்து அதைத்தான் வாங்கியிருப்பேன். அது தெரிந்தும் பேசிய அந்த மனிதரை நான் மறக்கவில்லை.

பட்டியக்கல், தேவகோட்டை

முதல் பதிவை எழுதியவர் தாம்பாளத்துக்காக வருந்துகிறார். அவருடைய வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால், வாங்குவதற்கு நாம் வரிசையில் நிற்பதால்தான் வீடுகள் பிரிக்கப்படுகின்றன என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு அருகே ஒரு வீடு இடிக்கப்பட்டபோது நான் நேரில் நின்றேன். பங்காளிகள் பல ஊர்களில் சிதறிப்போனதால் பராமரிக்க ஆளில்லாத வீடு அது. பர்மாத் தேக்குத் தூண்களை முதலில் கழற்றினார்கள். அவை சேதமில்லாமல் லாரியில் ஏறின. அடுத்து முகப்புச் சுவரின் ஜப்பானியப் பூ ஓடுகளுக்கு உளியை வைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் பதிந்த ஓடு முழுதாக வருவது அரிது என்பது உங்களுக்குத் தெரியும். பூ ஓடுகளின் நடுவே சரஸ்வதி உருவம் புடைப்பாக அமைந்த ஓர் ஓடு இருந்தது. உளி இறங்கியதும் வீணைக்குக் குறுக்காக அது இரண்டாகப் பிளந்தது. கீழே விழுந்த பாதியின் பின்புறத்தில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்து, பூசிய நாளுக்குப் பிறகு முதன்முறையாக வெளிச்சத்தைக் கண்டது.

இந்தியச் சந்தைக்காகவே ஜப்பானியர் இத்தகைய தெய்வ ஓடுகளைச் செய்தார்கள். அவற்றுக்கு மாதிரியாக இருந்தவை பெரும்பாலும் ரவிவர்மாவின் அச்சுப் படங்கள். அந்தப் படங்களை 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் அச்சிட்டது. கேரள ஓவியரின் கற்பனை ஜெர்மானிய அச்சு வழியாக ஜப்பானியச் சூளைக்குப் போய், செட்டிநாட்டுச் சுவரில் வந்து அமர்ந்தது. சுவரில் இருக்கும்வரைதான் அந்த முழுக்கதையும் இருக்கிறது. தனி ஓடாக வாங்குகிறவருக்கு அதில் மிஞ்சுவது ஒரு துண்டு மட்டுமே. வெளிநாட்டு நண்பர்களுக்குப் பரிசளிக்கிறோம் என்று இங்கே சிலர் எழுதுவதையும் பார்க்கிறேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வயதில் ஐயம் இருந்தால் தொல்லியல் துறையிடம் சான்று பெற்ற பிறகே பெட்டியில் வையுங்கள்.

ஐராவதி, சென்னை

தேவகோட்டை அன்பருக்கு ஒரு சொல். ஆளில்லாத வீட்டில் மழையில் நனைந்து கரையானுக்கு இரையாவதைவிட, மதிப்பறிந்த ஒருவர் கையில் பொருள் இருப்பது மேல் என்பதே என் எண்ணம். என் அனுபவம் சிறியது. மியான்மரில் பகான் நகரின் ஒரு பட்டறையில், அரக்குக் கிண்ணம் ஒன்றை ஒரு பெண் இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினார். எதிரெதிர் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டன. விட்டதும் கிண்ணம் ஒரு கீறலும் இல்லாமல் பழைய வட்டத்துக்குத் திரும்பியது. மூங்கில் இழைகளோடு குதிரைமயிரைச் சேர்த்துப் பின்னி, திட்சி என்ற மரப்பாலைப் பல மாதங்கள் பூசி உலர்த்துவதால் வரும் நெகிழ்வு அது. ரங்கூனிலிருந்து என் தாத்தா கொண்டுவந்த வெற்றிலைப் பெட்டியும் அதே அரக்கு வேலைதான். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது எதையெல்லாமோ விட்டுவிட்டு வந்த குடும்பம் இதை மட்டும் ஏன் சுமந்து வந்தது என்று கேட்க இன்று யாரும் இல்லை.

ரசக்கண்ணாடி, புதுச்சேரி

எனக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய வீட்டில் பெல்ஜியம் கண்ணாடி என்று சொல்லப்பட்ட ஆளுயரக் கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்கி, ஆட்கள் அதைத் தலைகீழாகச் சாய்த்தபோது, சட்டத்தின் மூலையிலிருந்து வெள்ளிபோல் மினுங்கும் பாதரசத் துளிகள் தரையில் உருண்டன. பக்கத்தில் நின்ற குழந்தை ஒரு துளியைத் தொடக் குனிந்தது. அதன் கையைப் பிடித்து இழுத்த அந்த நொடி இன்னும் எனக்குப் படபடப்பைத் தருகிறது.

யாரும் கேட்கவில்லை என்றாலும், கண்ணாடி சேகரிக்கும் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். பழைய கண்ணாடிகளில் வெள்ளீயத் தகட்டோடு பாதரசத்தைச் சேர்த்த கலவை பூசப்பட்டிருக்கும். 1835இல் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, பாதரச முறை மெல்ல மெல்ல மறைந்தது. இரண்டையும் வேறுபடுத்த முதலில் பின்புறத்தைப் பாருங்கள். வெள்ளிக் கண்ணாடியில் பெரும்பாலும் செந்நிறமோ பழுப்பு நிறமோ கொண்ட காப்புப் பூச்சு இருக்கும். பாதரசக் கண்ணாடியின் பின்புறம் பூச்சில்லாமல் வெறும் உலோகச் சாம்பல் நிறமாகத் தெரியும். முன்புறத்தில் பிம்பம் சற்று நீலம் கலந்த சாம்பலாக இருக்கும், கெட்டுப்போன இடங்களில் சின்னஞ்சிறு படிகங்கள் மினுங்கும். அத்தகைய கண்ணாடியை மாட்டியிருந்த நிலையிலேயே நிமிர்த்தி எடுத்துச் செல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் கீழ்விளிம்பில் சேர்ந்த பாதரசம் கவிழ்த்தால் கொட்டும். பின்பலகையைக் கழற்றும்போது கையுறை அணிந்து சன்னல்களைத் திறந்து வையுங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டவோ, தூசியுறிஞ்சியால் எடுக்கவோ கூடாது. இரண்டும் துளிகளைச் சிதறடித்து ஆவியைக் கூட்டும். தடித்த தாளால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். மங்கியிருக்கிறது என்று பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக வெள்ளி பூசித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். சுரண்டுபவரின் உடல்நலமும் கெடும், பொருளின் மதிப்பும் போகும்.

மதுரை அன்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மங்குச் சாமான்களின் பூச்சுகளில், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள் நிறங்களில், காட்மியமும் ஈயமும் இருக்கக்கூடும். உங்கள் கேரியரை அலமாரியில் வைத்து ரசியுங்கள். அதில் புளிக்குழம்பு எடுத்துச் செல்ல வேண்டாம்.