வெனிஸ்ல ஸ்பிரிட்ஸ்: அப்பெரோலா, செலெக்டா, காம்பாரியா?

கேள்வி
அடுத்த மாசம் நானும் மனைவியும் வெனிஸ் போறோம். எந்தப் படத்தைப் பார்த்தாலும் எல்லார் கையிலயும் ஆரஞ்சு கலர் ஸ்பிரிட்ஸ். கசப்பு மதுவோட ஒயினும் சோடாவும் கலந்த பானம் அது; அந்தக் கசப்பு மது அப்பெரோலா, செலெக்டா, காம்பாரியான்னு நாமதான் சொல்லணுமாம். எனக்குப் பாகற்காய், சுண்டைக்காய்னா உயிர். அவங்களுக்குக் கசப்பே ஆகாது. ஆளுக்கு எதைக் கேட்கலாம்?

பதில் – பதுவைவாசி
பாகற்காய்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே உங்களுக்கு அப்பெரோல் வேண்டாம். நான் இருக்கிறது அந்தோணியார் ஊரான பதுவையில. அப்பெரோல் 1919ல பிறந்தது இங்கதான். ஆனாலும் சொல்றேன்: ஆல்கஹால் வெறும் 11%, ஆரஞ்சு வாசம், இனிப்பு தூக்கல், கசப்பு கடைசியில லேசா எட்டிப் பார்க்கும்.

வெனிஸ் போய் செலெக்ட் கேட்காம வராதீங்க. 1920ல அந்த ஊர்லயே உருவானது, 17.5%, நல்ல சிவப்பு. பெரிய பச்சை ஆலிவ் ஒண்ணைக் குச்சியில குத்திப் போட்டுத் தருவாங்க. அதை உடனே வாயில போட்டுக்காதீங்க. பாதி கிளாஸ் காலியாகுற வரைக்கும் ஊறட்டும். அப்புறம் கடிச்சா உப்பு, கசப்பு, லேசா இனிப்பு மூணும் சேர்ந்து வரும். அந்த ஒரு கடிக்காகவே நான் ரயிலேறிப் போவேன்! பாக்காரோன்னு சின்னச் சின்ன ஒயின் கடைகள் இருக்கும், அங்க போய் நின்னுக்கிட்டே குடிங்க. காய்ஞ்ச காட் மீனை எண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி அடிச்சு ரொட்டியில வெச்சுத் தருவாங்க, அதையும் விடாதீங்க.

காம்பாரி இன்னும் முரட்டுக் கசப்பு. செலெக்ட் பிடிச்சதுக்கு அப்புறம் அதுக்குப் போங்க.

பதில் – மலைக்காத்து
உங்க மனைவிக்கு ஹூகோங்கிற ஸ்பிரிட்ஸ் சொல்லுங்க. வட இத்தாலியில இருக்குற தெற்கு டிரோல்ல 2005 வாக்குல வந்தது. எல்டர்ஃப்ளவர்ங்கிற பூவோட சிரப், புதினா, ப்ரொசெக்கோ (நுரைக்குற இத்தாலிய ஒயின்), சோடா. கசப்பு துளியும் கிடையாது.

கேள்வி கேட்டவர்
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுல போடணும்னா அளவு என்ன?

பதில் – பதுவைவாசி
கிளாஸ் நிறைய ஐஸ். முதல்ல ப்ரொசெக்கோ 90 மில்லி, அதுமேல செலெக்டோ அப்பெரோலோ 60, கடைசியா கொஞ்சம் சோடா. சர்க்கரை கனத்துல அந்தக் கசப்பு மது தானா கீழே இறங்கிக் கலந்துக்கும். மாத்தி ஊத்தினா அடியிலயே தங்கிடும். காம்பாரின்னா நான் 40தான் விடுவேன். ப்ரொசெக்கோ வாங்குறப்போ லேபிளைப் பாருங்க. ‘எக்ஸ்ட்ரா டிரை’ன்னு இருந்தா இனிப்பே இல்லைன்னு தோணும், ஆனா ‘ப்ரூட்’தான் அதைவிட இனிப்பு கம்மி. ப்ரூட்டே எடுங்க.