மலை இறக்கத்தில் கேம்பர்வேன் பிரேக் பிடிக்கவில்லை, என்ன செய்யலாம்?

கிரீஸில் பெலொப்பொனீஸ் மலையில் மாட்டிக்கொண்டோம். வாடகை கேம்பர்வேன் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன்): 2016 மாடல், டீசல், 6 கியர் மேனுவல், 3.5 டன்.

நேற்று அந்திரிட்சைனா என்ற ஊரிலிருந்து 14 கி.மீ. ஏறி பாசே என்ற இடத்திலுள்ள பழங்கால அப்பல்லோ கோயிலுக்குப் போனோம். 1,130 மீட்டர் உயரம். (கோயிலையே கூடாரம் போட்டு மூடியிருக்கிறார்கள், 1987லிருந்து!) ஏறும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போது பாதி வழியில் கருகல் வாடை, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போய்விட்டது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை, அப்படி அனல்.

40 நிமிடம் ஆறவிட்டதும் பெடல் திரும்பியது. அப்புறம் இரண்டாம் கியரிலேயே ஊர் வந்து சேர்ந்தோம். பிரேக் ஆயில் அளவு சரி, கசிவு இல்லை. ஆனால் நிறம் டிக்காஷன் மாதிரி. இன்று ஞாயிறு, மெக்கானிக் கிடைக்கவில்லை. வண்டிக்காரரும் போன் எடுக்கவில்லை.

நாளை கிரெஸ்டெனா வழியாகக் கடற்கரைக்கு இறங்க வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றாமல் இரண்டாம் கியரில் இறங்கலாமா, கூடாதா?