பதில்: ‘போட்டிச் சமநிலை’ பொருந்துமா?

வணக்கம்.

‘competitive balance’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு இங்கே அண்ணா ஒருவர் தந்த ‘போட்டிச் சமநிலை’க்கு என் மனம் ஒப்பவில்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள்: ‘ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது’ என்றுதான் எழுதுவார்கள். ‘இந்த லீக்கில் போட்டிச் சமநிலை குறைவு’ என்றால், வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டங்கள் குறைவு என்றே எங்கள் பெடியள் விளங்கிக்கொள்வார்கள்.

எங்களுக்கு வேண்டிய சொல் ஓர் ஆட்டத்தைப் பற்றியது அல்ல. ஒரு லீக்கின் அணிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நிகராக நிற்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் உதைபந்தாட்ட லீக்கில் பயேர்ன் மியூனிக் அணி 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது. 2024இல் லெவர்குசன் வந்துதான் அதை நிறுத்தியது. ஸ்கொட்லாந்தில் 1986 முதல் 2025 வரை செல்டிக், ரேஞ்சர்ஸ் தவிர எவருக்கும் பட்டம் இல்லை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். இதற்கு நேர்மாறு. கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான் புதிய வீரர்களில் முதல் தெரிவு. அணி வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு 1994இல் வந்த உச்சவரம்பும் உண்டு. தேசியத் தொலைக்காட்சிப் பணத்தைச் சமமாகப் பங்கிடுகிறார்கள். ஐரோப்பிய உதைபந்தாட்டத்திலோ கடைசி இடம் என்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

எங்கள் ஊர்ப் பெயரிலும் உதாரணம் இருக்கிறது. லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் முதல் 5 பருவங்களில் 2023 தவிர மற்ற எல்லாம் யாழ்ப்பாண அணிக்கே. கொண்டாடினோம், சரி. ஆனால் லீக்கை அளக்கிறவருக்கு இது கவனிக்க வேண்டிய விடயம்.

இதே தேடலில் அக்கா ஒருவர் தந்த ‘ஈடுநிலை’ அழகான சொல், ‘ஈடுகொடுத்து ஆடினார்கள்’ என்பதிலிருந்து வருகிறது. ஆனால் இங்கே ஈடு என்றதும் காணி ஈடு வைப்பதுதான் நினைவுக்கு வரும். ‘வலுநிகர்மை’யும் யோசித்தேன், ‘வலு’ ஏற்கெனவே பௌதிகப் பாடத்தில் மின்வலுவாக இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: ‘அணிநிகர்மை’. அடைமொழி சேர்த்தாலும் உடையாது. ‘லெஸ்டர் சிட்டி 2016இல் லீக் பட்டம் வென்றதை வைத்து இங்கிலாந்தில் நெடுங்கால அணிநிகர்மை உண்டு என்று சொல்ல முடியாது’ என்று எழுதிப் பார்த்தேன், தடக்கவில்லை. ஒரே பருவத்துக்குள் பார்ப்பதைப் ‘பருவ அணிநிகர்மை’ என்று பிரித்தும் சொல்லலாம்.

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் இதை ஒரு தலைப்பில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். தலைப்புக்கு நீளம் என்றால் ‘நிகர்மை’ மட்டும் போதுமா?