ஹோட்டல் கணக்கு: எந்த விகிதத்தை நம்புவது?

வணக்கம். மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஒரு சைவ ஹோட்டலின் விற்பனைக் கணக்கு உதைக்கிறது. விற்பனையில் சரக்குச் செலவு போன வருடம் 38%, இப்போது 52%. விலைவாசி மட்டும் இவ்வளவு ஏற்றாது. ரொக்க விற்பனை விடுபட்டிருக்கலாம். சரி, விகிதம் ஒழுங்காக இருந்தால் நம்பலாமா? ஹோட்டலுக்கான 5% ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதனால் காய்கறி, மளிகைக்கு பில் வாங்க முதலாளிக்கு அக்கறையும் இல்லை. கொள்முதலையும் சேர்த்தே மறைத்தால் விகிதம் அழகாகத்தான் நிற்கும்! அதனால் 19 கிலோ சிலிண்டர், வாழை இலை, பார்சல் டப்பா எண்ணிக்கையை விற்பனை பில்லோடு ஒப்பிடுகிறேன். கிழிந்த இலை, ஊழியர் சாப்பாட்டுக்கு எவ்வளவு கழிப்பது? யுபிஐ வசூலுக்கும் ரொக்கத்துக்கும் உள்ள விகிதத்தை நாள்வாரியாகப் பார்த்தவர்கள் உண்டா? ஹோட்டல் கணக்குப் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.