மார்கழிக்குத் தள்ளிப்போன அம்மன்

சிற்பிகளோடு பழகிய அனுபவம் என்றால் பலரும் கல் சிற்பிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு வாய்த்தது சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதி. எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒன்றரை அடியில் அம்மன் உற்சவர் செய்யக் கொடுத்திருந்தோம். அதைச் சாக்காக வைத்து அடிக்கடி போய் உட்கார்ந்துவிடுவேன்.

முதல் நாள் அவர் கையில் ஸ்கேல் இல்லை. சிலை உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு பிரித்துக்கொண்டிருந்தார். முகம், கழுத்து, இடுப்பு எல்லாம் அந்த மடிப்புகளுக்குள் அடங்கின. அப்புறம் சிலையை முதலில் மெழுகில் பிடிக்கும் வேலை. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிச் சேர்த்தது. சித்திரை வெயிலில் அம்மனின் கை துவண்டு துவண்டு விழும். உடனே தண்ணீரில் போட்டு இறுக்குவார். அதன் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். "வண்டல்தான் தம்பி, கைரேகையக்கூடப் பிடிக்கும்" என்றார். மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான்.

ஆவணியில் வார்த்தார்கள். உடைத்துப் பார்த்தால் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் உடைந்த மண்ணைத் தடவிப் பார்த்து, "உள்ள ஈரம் நின்னுடுச்சு" என்று மட்டும் சொன்னார். அத்தனை மாத வேலை மறுபடி உலைக்குள் போயிற்று.

அடுத்த வாரம் ஒரு வேலையாகத் தஞ்சாவூர் வந்தவர் என்னையும் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போனார். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், ராஜராஜன் காலம், 1011. சடையைத் தலைப்பாகை போல் சுற்றி, காளையின் மேல் கையை ஊன்றி நிற்கும் சிவன். காளை இன்று இல்லை, கை மட்டும் காற்றில் நிற்கிறது. நான் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவரோ அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார், அரை மணி நேரம் இருக்கும்.

"இவ்வளவு தள்ளி நீட்டுன மெழுகு துவளாம எப்படி நின்னுச்சு?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. நிச்சயம் என்னை இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருவரிடம், பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார்.

பஸ்ஸில் பாபநாசம் தாண்டியபோது திடீரென்று என் பக்கம் திரும்பினார். "மார்கழிப் பனியில செஞ்சிருப்பாங்க தம்பி."

எங்கள் அம்மனுக்கும் மார்கழியில்தான் மறுபடி மெழுகு பிடித்தார்.