லேப் டெக்னீஷியன்களுக்குத் தனிச் சான்றிதழ்த் தேர்வு: வேண்டுமா, வேண்டாமா?

ஊதாமூடி:
எங்கள் மாவட்டத்து லேப் டெக்னீஷியன்கள் சிலர் சேர்ந்து ஒரு தொழிற்சான்றிதழுக்கு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோவோ (டிஎம்எல்டி) பட்டமோ (பி.எஸ்சி. எம்எல்டி) முடித்து, இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்கள் எழுதலாம். எழுத்துத் தேர்வு ஒன்று, மேசையில் செய்துகாட்டும் தேர்வு ஒன்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் ஏஎஸ்சிபி என்ற நோயியல் சங்கம் 1928இலேயே இதற்கென வாரியம் வைத்துவிட்டது. குறை இருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

சிறுநகர்_லேப்:
பார்க்கவில்லை. வேண்டாம் தம்பி. மருத்துவத்துக்குத் துணைநிற்கும் இணைநலத் தொழில்களுக்கென்று 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆய்வகப் பணியும் அதில் அடக்கம். குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு என்று வரையறுத்து, பொதுவான உரிமத் தேர்வுக்கும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, உங்கள் சான்றிதழை எந்தச் சட்டத்தில் மாட்டுவது? சுவரில் தொங்கும் மரச் சட்டத்தில்தான். மாதக் கடைசியில் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணும் பிள்ளைகளிடம் இதற்குக் கட்டணம் வேறு வாங்கப் போகிறீர்கள்.

ஊதாமூடி:
அந்த 2000 மணி நேரம் வாசலைத் தாண்டுவதற்கு. உள்ளே வந்த பிறகு இருபது ஆண்டுகள் யாரும் எதுவும் கேட்பதில்லையே. விடை தெரிந்த மாதிரியை ஓட்டிக் கருவியைச் சரிபார்க்கும் கண்ட்ரோல் வரைபடத்தில் ஒரு புள்ளி மூன்று திட்டவிலக்கத்துக்கு, அதாவது ஏற்கத்தக்க எல்லைக்கு, வெளியே போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே வரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுவேன்" என்று கூசாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய_நுண்ணோக்கி:
ஐஎஸ்ஓ 15189 என்ற மருத்துவ ஆய்வகத் தர அங்கீகாரம் வாங்கிய ஆய்வகங்களில் ஊழியரின் திறனை மதிப்பிட்டுப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் அந்தப் பதிவு ஆய்வகத்தின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. வேலை மாறுகிறவர் வெறுங்கையோடு போகிறார். கையோடு எடுத்துப் போக ஒரு சான்று வேண்டும் என்பதில் நான் ஊதாமூடி பக்கம். மேசைத் தேர்வில்தான் தயக்கம். ஏஎஸ்சிபி தேர்வே கணினியில் 100 கொள்குறி வினாக்கள், இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். கைப்பழக்கத்தை, தேர்வு எழுத அனுமதிக்கும் முன் பயிற்சி, அனுபவச் சான்றுகளில் பார்த்துக்கொள்கிறார்கள்.

சிறுநகர்_லேப்:
அனுபவச் சான்றா? கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவோம் ஐயா. நானே கொடுத்திருக்கிறேன்.

இரவுப்பணி:
ஊதாமூடி அண்ணா, உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் முன்பு இருந்த ஒரு லேபில் ஒரு முடிவு வந்தது: பொட்டாசியம் 9க்கு மேல், கால்சியம் 4. அந்த எண்களோடு ஒருவர் உயிரோடு இருப்பதே அதிசயம். நோயாளியோ வரவேற்பறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்! சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் போதவில்லை என்று ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் போட்டிருக்கும் பொட்டாசியம் இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டிவிட்டது.

ஊற்றியவருக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். எழுத்துத் தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். "இரண்டாவது முறை குத்தினால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்" என்று முதலாளி சொன்னதால் ஊற்றினார். சோதனைக்குத் தகாத மாதிரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை உங்கள் சான்றிதழ் தருமா? தராது என்றால் பழியைத் தாங்க இன்னொரு கையெழுத்து கிடைத்தது, அவ்வளவே.

பழைய_நுண்ணோக்கி:
தவறுகளில் பெரும்பங்கு மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நடப்பவை. வரைவில் அதற்கு எத்தனை வினாக்கள்?

ஊதாமூடி:
உண்மையைச் சொல்கிறேன். ஐம்பதில் மூன்று. மீதியெல்லாம் கருவியும் கணக்கும்.

இரவுப்பணி கேட்ட அதிகாரத்தை எங்களால் கொடுக்க முடியாது. ஆனால் சான்றிதழ் பெற்றவரை வேலைக்கு வைக்கும் லேப், மாதிரி நிராகரிப்பு விதிகளில் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். செய்துகாட்டும் தேர்வின் முதல் மேசையையும் மாற்றுகிறேன். ஐந்து குழாய்கள் இருக்கும்: ஒன்று சிவப்பணு சிதைந்தது, ஒன்று பெயரில்லாதது, ஒன்று இரத்தம் கட்டியாக உறைந்துபோன இடிடிஏ குழாய். எதையெல்லாம் திருப்பி அனுப்புவார் என்று பார்ப்போம்.

சிறுநகர்_லேப்:
அமைதியான அறையில் யார் வேண்டுமானாலும் திருப்பி அனுப்புவார்கள் தம்பி. "எதையாவது செய்து ரிசல்ட் கொடு" என்று பக்கத்தில் ஒருவர் நின்று கத்த வேண்டும்.

கட்டணம் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. கத்துவதற்கு மட்டும் வருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.